ஆசிரியர் சத்தியேந்திரநாத போஸ்

தோற்றுவாய்

உலகில் பெரியோர் எனப் போற்றப்படுவோர் இரு திறத்தினர். தாம் நட்ட மரத்தின் கனியைத் தம் வாழ்நாளிலேயே கண்டு மகிழ்ந்தோர் ஒரு திறத்தினர். விதையை இட்டு நீரும் வார்த்துவிட்டு, கனி பழுக்கு முன்னரே கண் மூடினோர் மற்றொரு திறத்தினர். பின்னவருள் வைத்து எண்ணத்தக்கவர் வங்க நாட்டுப் பௌதிக ஆசிரியராகிய சத்தியேந்திரநாத போஸ் என்பார். 1924-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை யொன்றினின்றும் முளைத்த கருத்து, 1995-ஆம் ஆண்டில், அவர் மறைந்து 21 ஆண்டுகள் சென்றபின், அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்கூடாயிற்று. அணுக்களை அளவிறந்த குளிர்நிலைக்குக் கொணர்ந்து, அந்நிலையில் அவற்றின் இயல்பையும் அவை தம்முள் மோதும் வகையையும் ஆராயும் துறையொன்று இன்று உலகெங்கும் வளர்ந்து வருகின்றது. அத்துறையின் வாயிலில் நிற்கும் பெயர் நம் நாட்டார் ஒருவருடையது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

தமிழிலக்கியம் பயிலும் நாம் பௌதிக நூலார் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தது என்னையோ எனச் சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணம் இரண்டு. போஸ் கண்ட உண்மை ஆராய்ச்சி மண்டபத்திற் பிறந்ததன்று. வகுப்பிலே மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்ல வேண்டி ஆசிரியர் ஒருவர் முயன்ற முயற்சியிற் பிறந்தது. இஃது ஒன்று. தாய்மொழியிலேயே விஞ்ஞானம் பயிற்றப்பட வேண்டும் என்று தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் அவர் உழைத்தார் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கோவையிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டிலும் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் பெரிதும் உரியன. ஆதலின் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

1894-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று கல்கத்தா நகரில் போஸ் பிறந்தார். தந்தையார் சுரேந்திரநாத போஸ், கிழக்கிந்திய இரயில்வேயில் பணி புரிந்தவர். தாயார் ஆமோதினி தேவியார். அவ்விருவர்க்கும் ஆண்மகவு இவர் ஒருவரே. இவருக்குப் பின்னர்ப் பிறந்தோர் அறுவரும் பெண்மக்கள். கல்கத்தா ஹிந்து பாடசாலையில் இவர் பயின்ற காலத்துக் கணித உபாத்தியாயர் இவருக்கு நூற்றுக்கு நூற்றுப்பத்து மதிப்பெண் வழங்கினார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. எல்லாக் கணக்கையும் செய்து முடித்ததோடன்றிச் சிலவற்றை ஒன்றின் மேற்பட்ட வழிகளாலும் செய்து காட்டினமையே அதற்குக் காரணம் என்பர்.

1909-ஆம் ஆண்டில் போஸ் கல்கத்தா இராஜதானிக் கல்லூரியிற் சேர்ந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தனர். டாக்காவை அடுத்த சிற்றூரில் வறிய வணிகர் குடியிற் பிறந்த மேகநாத ஸாஹா என்பார் உடன் பயிலும் மாணாக்கராய் வாய்த்தார். 1913-ஆம் ஆண்டுப் பரீட்சையிலும் 1915-ஆம் ஆண்டு எம். எஸ்ஸி. பரீட்சையிலும் போஸ் முதல்வராகவும் ஸாஹா இரண்டாமவராகவும் தேறினர். பின்னாளில் ஸாஹாவும் விண்மீன்களின் ஒளியைக்கொண்டு அவற்றின் வெப்பத்தை அளக்கும் வழியைக் கண்டு உலகப் புகழ் எய்தினார். ஒரு வகுப்பின் இரு மாணாக்கர் ஒருவரையொருவர் வெல்ல முயன்று, அம்முயற்சியால் இருவரும் உயர்ந்தனர். ஆயினும் நட்பிற் குறைந்திலர். கல்லூரி மாணாக்கர் கருத்திற் கொள்ளத்தக்கது இது.

அந்நாளில் ஐரோப்பாவிற் பிறந்த புதிய பௌதிகம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே எழுதப்பட்டது. நூல்கள் கிடைப்பது அரிது. உலகப் போரோ இடையே மூண்டிருந்தது. அசுதோஷ் முகர்ஜியார் கல்கத்தாவில் நிறுவிய விஞ்ஞானக் கல்லூரியில் விரிவுரையாளராய் அமர்ந்த இவ்விரு நண்பரும் கிடைத்த நூல்களை இரவல் வாங்கி, வேண்டும் அளவு ஜெர்மன் மொழியையும் கற்று, தாமே ஓதித் தெளிந்து, பின்னர்ப் பிறர்க்கு ஓதுவித்தனர். ஐன்ஸ்டைனும் மின்கோவ்ஸ்கியும் சார்புக் கொள்கையைப் பற்றி எழுதிய கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்திற் பெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பைக் கல்கத்தா சர்வகலாசாலை 1920-இல் நூலாக வெளியிட்டது. புதுமை காண்பவராகப் புகழ் பெறுமுன்னரே போஸ் மொழிபெயர்ப்பாளராய் விளங்கினார் என்பதை இங்குக் குறித்துக்கொள்வோமாக. அயல்மொழியில் உள்ள அறிவைத் தம்மவர்க்கு எட்டும் மொழியிற் கொணர்தல் இழிந்த வேலையன்று என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார்.

டாக்காவிற் பிறந்த கருத்து

1921-ஆம் ஆண்டில் டாக்கா நகரில் புதியதொரு சர்வகலாசாலை தோன்றிற்று. போஸ் அங்கே பௌதிகத் துறையில் துணையாசிரியராகச் சென்றார். பெர்லினும் கேம்பிரிட்ஜும் பாரிஸும் பௌதிகத்தின் தலைநகரங்களாய் விளங்கிய காலத்தில் டாக்கா ஒரு மூலை. ஆயினும் அம்மூலையில் வகுப்பு இருந்தது. வகுப்பிலே வினவும் மாணாக்கர் இருந்தனர்.

காய்ச்சிய இரும்பு முதலிற் செந்நிறமாகவும் பின்னர் வெண்ணிறமாகவும் ஒளிர்வதைக் கொல்லன் உலையில் நாம் கண்டிருக்கின்றோம். எவ்வெப்பத்தில் எந்நிற ஒளி எவ்வளவு வெளிப்படும் என்பதற்குரிய விதியை 1900-ஆம் ஆண்டில் பிளாங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டார். விதி மெய்யாயிற்று, ஆனால் அவ்விதியை அடைந்த வழி முரணுடையதாயிருந்தது. வழியின் ஒரு பாதி பழைய அலைக் கொள்கையைச் சார்ந்தது. மற்றைப் பாதி அதற்கு மாறான குவாண்டம் கொள்கையைச் சார்ந்தது. இம்முரணை மாணாக்கர்முன் வைத்து, இதனை ஒப்புக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போஸின் மனம் இடந்தரவில்லை. தமக்கே தெளியாத ஒன்றைப் பிறர்க்குத் தெளிந்ததுபோற் சொல்லுதல் ஆசிரியர் அறமன்று எனக் கருதினார். அக்காலத்தில் டாக்காவிற்கு வந்த ஸாஹாவும் அம்முரணைப் பற்றிய புதிய கட்டுரைகளை எடுத்துக்காட்டினார். போஸ் அதனையே எண்ணிக்கொண்டிருந்து, முடிவில் அலைக் கொள்கையை முற்றுந் துறந்து, ஒளியைத் துகள்களின் கூட்டமாகவே கொண்டு, அத்துகள்களை எண்ணும் புதியதொரு முறையால் பிளாங்க்கின் விதியை அடைந்தார்.

அம்முறையின் உயிர்நாடியை எளிய உவமையாற் கூறுவோம். மாணாக்கர் விடுதியில் இரண்டு அறைகள் உள்ளன. இரண்டு மாணாக்கர் உள்ளனர். அவர்களை அறைகளில் இருத்தும் வகைகள் எத்தனை? இருவரும் முதலறையில், இருவரும் இரண்டாமறையில், முன்னவர் முதலறையிலும் பின்னவர் இரண்டாமறையிலும், இனி மாறி அமர்தல்: ஆக நான்கு. இந்நான்கனுள் இருவரும் ஓரறையிற் கூடியிருப்பது இரண்டு, அஃதாவது சரிபாதி. இப்பொழுது மாணாக்கர்க்கு மாறாக, பெயரில்லை, முகமில்லை, அடையாளமில்லை என்னும்படி முழுதும் ஒத்த இரண்டு பொருள்களைக் கொள்வோம். அவை இடம் மாறினும் மாறியதாக அறிய வழியில்லை. எனவே வகைகள் மூன்றே: இரண்டும் அங்கே, இரண்டும் இங்கே, ஒன்று அங்கும் ஒன்று இங்கும். இம்மூன்றனுள் இரண்டும் கூடியிருப்பது இரண்டு. அஃதாவது மூன்றில் இரு பங்கு. அடையாளமற்ற பொருள்கள் பிறிதொன்றும் தூண்டாமலே கூடியிருக்க முற்படுகின்றன என்பது இவ்வெண்ணிக்கையாற் பெறப்படும். ஒளித்துகள்கள் இத்தகையன என்று போஸ் கொண்டார். கொண்ட அளவில் முரண் நீங்கிற்று. விதி தானே வெளிப்பட்டது.

ஐன்ஸ்டைனின் கை

இக்கட்டுரையை இங்கிலாந்துப் பத்திரிகை யொன்றுக்கு அனுப்பியதாகப் போஸ் பின்னாளில் நினைவு கூர்ந்தார். அஃது அங்கே வெளிவரவில்லை. 1924-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் அவர் அதனை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பி, தகுதியுடையதாயின் ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிட உதவுமாறு வேண்டினார். முப்பது வயதே நிரம்பிய, டாக்டர் பட்டமும் பெறாத, முன்பின் அறியாத ஓர் ஆசிரியரின் வேண்டுகோள் அது. ஐன்ஸ்டைனோ அக்காலத்து உலகம் தலைவணங்கிய பேரறிஞர். அவர் அக்கட்டுரையைத் தம் கையாலேயே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து, அதன் சிறப்பைப் பாராட்டிக் குறிப்பும் எழுதி, அவ்வாண்டிலேயே ஜெர்மானியப் பௌதிகப் பத்திரிகையில் வெளிவரச் செய்தார். பெரியார் ஒருவரின் பெருமை அவர் கண்டவற்றால் மட்டுமன்று, பிறர் கண்டதை அறிந்து போற்றும் உள்ளத்தாலும் விளங்கும் என்பதற்கு இது சான்று.

ஐன்ஸ்டைன் அவ்வளவில் நின்றிலர். ஒளித்துகளுக்குப் பொருந்திய எண்ணிக்கை முறை வாயுவின் அணுக்களுக்கும் பொருந்தாதோ என எண்ணினார். 1924-25 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் வியத்தகு முடிவொன்றைக் கூறின. வாயு ஒன்றைக் குளிர்வித்துக்கொண்டே சென்றால், குறித்ததோர் எல்லைக்குக் கீழே, அதன் அணுக்கள் பெருந்தொகையாய்த் தம் மிகத் தாழ்ந்த ஒரே நிலையிற் சென்று குவியும். ஓரணுவே போல் இயங்கும். இதற்குப் போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு என்பது பெயர். ஆனால் அவ்வெல்லை எட்டாத ஆழத்தில் இருந்தது. ஆதலின் அது பல்லாண்டு ஏட்டளவிலேயே நின்றது.

ஐன்ஸ்டைனின் அஞ்சலட்டை ஒன்று போஸுக்குப் பெருங்கதவைத் திறந்தது. டாக்கா சர்வகலாசாலை இரண்டாண்டு விடுமுறையும் பொருளும் நல்கிற்று. 1924-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அவர் பாரிஸ் சென்று மேரி கியூரி அம்மையாரைக் கண்டார். மாரிஸ் டி பிராயின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-கதிர் ஆய்வு முறைகளைப் பயின்றார். பொருட்டுகளுக்கும் அலையியல்பு உண்டு என்று அவ்வாண்டிலேயே கூறியவர் இந்த மாரிஸின் தம்பியாராகிய லூயி டி பிராய். 1925-இல் போஸ் பெர்லின் சென்று ஐன்ஸ்டைனை நேரிற் கண்டு அளவளாவினார்.

பேராசிரியரும் துறையும்

1926-இல் தாய்நாடு திரும்பிய போஸ், டாக்டர் பட்டம் இன்மையால் எழுந்த தடை ஐன்ஸ்டைனின் பரிந்துரையால் நீங்கப் பெற்று, டாக்காவில் பேராசிரியரும் துறைத்தலைவரும் ஆயினார். அங்கே 1945 வரை பணி புரிந்தார். ஆய்வுக் கருவிகளை உள்ளூரிலேயே அமைத்தார். எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் கண்டார். பௌதிகத்தோடு நில்லாது இரசாயனத்திலும் புகுந்தார். எஸ்ராஜ் என்னும் வில்லிசைக் கருவியை வாசிப்பதில் வல்லவராய் விளங்கினார்.

தமிழர்க்கு உவகை தரும் செய்தி யொன்றும் இக்காலத்தது. இராமநாதபுரச் சீமையின் வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்று, இராமனோடு ஒளிச்சிதறல் ஆராய்ச்சியிற் பங்கு கொண்ட கே. எஸ். கிருஷ்ணன், 1928-இல் டாக்கா சர்வகலாசாலையில் போஸின் துறையிலே துணையாசிரியராய் அமர்ந்தார். படிகங்களின் காந்த இயல்பு பற்றிய தம் சிறந்த ஆராய்ச்சியை அவர் அங்கிருந்தே நிகழ்த்தினார். நம் கல்லூரியை ஒத்த கல்லூரிகளிற் கற்ற தமிழர் ஒருவர் போஸின் அருகிருந்து பணி செய்தார் என்பதை நினைக்குந்தோறும் டாக்கா நமக்கு அத்துணைத் தொலைவிற்றன்று எனத் தோன்றுகின்றது.

தாய்மொழித் தொண்டு

1945-இல் போஸ் கல்கத்தா சர்வகலாசாலைக்குத் திரும்பி, 1956 வரை பேராசிரியராய் இருந்தார். நாடு இரண்டாய்ப் பிரிந்து, டாக்கா வேறு நாட்டதாயிற்று. அத்துயரக் காலத்தின் நடுவே, 1948-இல், வங்காளி மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்புதற்கென வங்கீய விஞ்ஞான பரிஷத் என்னும் கழகத்தை அவர் நிறுவினார். அக்கழகம் ஞானமும் விஞ்ஞானமும் என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு மாதப் பத்திரிகையை நடத்திற்று. விஞ்ஞானத்தை எளிய வங்காளியில் கூறும் விசுவ பரிசயம் என்னும் நூலை 1937-இல் வெளியிட்ட இரவீந்திரநாத தாகூர் அதனைப் போஸுக்கே உரிமையாக்கியிருந்தார். 1962-இல் ஜப்பான் சென்றபொழுது, அந்நாட்டு அறிஞர் உயர்ந்த விஞ்ஞானத்தையும் தம் மொழியிலேயே விவாதித்தலைக் கண்டு, தம் கொள்கையில் அவர் பின்னும் உறுதி பெற்றார்.

இத்தொண்டு குறித்து அவரைக் குறை கூறினோரும் உளர். ஐன்ஸ்டைனால் பாராட்டப்பட்ட ஒருவர் அதன்பின் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் மிகச் சிலவே. கிடைத்தற்கரிய ஆற்றலைப் பத்திரிகை நடத்துவதிலும் பாடஞ் சொல்வதிலும் வீணாக்கினார் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை நாம் எளிதிற் புறக்கணித்தலாகாது. 1924-க்குப் பின் அவர் அத்துணை உயரத்தை மீட்டும் எட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் 1924-ஆம் ஆண்டுக் கட்டுரையே மாணாக்கர்க்குத் தெளிவுறச் சொல்ல வேண்டும் என்னும் வேட்கையிற் பிறந்ததன்றோ? அவ்வேட்கைதான் 1948-இல் கழகமாகவும் பத்திரிகையாகவும் உருவெடுத்தது. வேர் ஒன்று, கிளை இரண்டு. ஒரு கிளையைப் போற்றி மற்றதை வெட்டுதல் முறையன்று.

இவ்வுண்மையை நம் கொங்கு நாட்டார் அக்காலத்திலேயே நன்குணர்ந்திருந்தனர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்துக் கல்வியமைச்சராய் இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டு வலசிற் பிறந்த பெரியசாமித் தூரன் அக்கழகத்தின் கலைக்களஞ்சியத்திற்குத் தலைமைப் பதிப்பாசிரியராய் உழைத்தார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாய் அது வெளிவந்தது. கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் கலைக்கதிர் என்னும் விஞ்ஞானத் திங்களிதழை நடத்தினார். பொள்ளாச்சிப் பகுதியினரான சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராய் இருந்த காலத்தில், 1960-இல், கோவை அரசினர் கலைக் கல்லூரியில் தமிழ் வாயிலாகப் பட்ட வகுப்புத் தொடங்கப் பெற்றது. வங்கத்திற் போஸ் ஒருவராய் நின்று கூறியதைக் கொங்கில் நால்வர் நான்கு திசையினின்றும் செய்தனர். போஸை அயலார் என நாம் எண்ணாமைக்கு இதுவே தலையாய காரணம்.

பெருமைகள் பல அவரைத் தேடி வந்தன. 1944-இல் இந்திய விஞ்ஞான காங்கிரஸின் தலைவராய் இருந்தார். 1945-இல் டிராக் என்னும் ஆங்கில அறிஞர், போஸின் எண்ணிக்கை முறைக்கு அடங்கும் துகள் இனத்துக்கெல்லாம் போஸான் எனப் பெயர் சூட்டினார். 1954-இல் பத்ம விபூஷண் விருதும், 1958-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் பதவியும் பெற்றார். நோபெல் பரிசு மட்டும் வாய்க்கவில்லை. 1974-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

கனி பழுத்த வரலாறு

இனி, அவர் இட்ட விதை கனியான வகையைக் கூறுவோம். வெப்பம் என்பது அணுக்களின் இயக்கமேயன்றி வேறன்று. நாம் இருக்கும் அறையிற் காற்றின் துகள்கள் வினாடிக்குச் சில நூறு மீட்டர் விரைவில் ஓடுகின்றன. இயக்கம் தணியத் தணியக் குளிர்ச்சி மிகும். சென்டிகிரேடு அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 273.15 பாகையே குளிர்ச்சியின் கடைசி எல்லை. அதனைத் தனிப்பூஜ்யம் என்பர். மார்கழியில் உதகமண்டலத்துப் புல்வெளியில் உறைபனி படியும் நிலை இவ்வெல்லைக்கு மேல் 273 பாகையளவில் உள்ளது. விண்மீன்களுக்கு இடையேயுள்ள வெறுவெளிகூட ஏறக்குறைய 2.7 பாகை மேலே உள்ளது. ஐன்ஸ்டைன் கூறிய செறிவு வாயுவில் நிகழ வேண்டுமாயின், ஒரு பாகையின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே செல்ல வேண்டும். 1938-இல் பிரிட்ஸ் லண்டன் என்பார் திரவ ஹீலியம் உராய்வின்றி ஓடுவதற்குப் போஸின் எண்ணிக்கையே காரணமாகலாம் எனக் காட்டினார். ஆயினும் வாயுவில் அதனைக் காண ஒருவராலும் இயலவில்லை.

அந்த ஆழத்துக்கு இறங்க இரண்டு படிகள் வேண்டியிருந்தன. முதற்படி லேசர் ஒளி. ஆடி மாதத்திற் பாலைக்காட்டுக் கணவாயின் வழியே வீசும் காற்றுக்கு எதிரே சைக்கிளிற் செல்பவர், எத்துணை மிதிப்பினும் வேகம் குன்றுவர். அதுபோல, ஓடிவரும் அணுவை எதிர்நின்று தாக்கும் ஒளி அதன் விரைவைக் குறைக்கும். ஆறு திசையினின்றும் அத்தகைய ஒளியைச் செலுத்தி, அதன் நிறத்தை நுட்பமாய் அமைத்தால், எத்திசையில் ஓடும் அணுவும் தளரும். இம்முறையை வளர்த்த சூ, கோஹன்-தனூஜி, பிலிப்ஸ் ஆகிய மூவர்க்கும் 1997-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இரண்டாம் படியை நம் வீட்டு மண்பானையே கற்பிக்கும். பானையின் நுண்துளை வழியே நீரின் மிக விரைந்த துகள்கள் ஆவியாய் வெளியேற, எஞ்சிய நீர் குளிர்கின்றது. ஆய்வாளரும் காந்தப்புலத்தாற் பானை யொன்று அமைத்து, அதனுள் அணுக்களை அடைத்து, விரைந்தோடும் அணுக்கள் மட்டும் விளிம்பு கடந்து வெளியேறச் செய்தனர். எஞ்சியவை தம்முள் மோதி, இருக்கும் ஆற்றலை மீட்டும் பங்கிட்டுக்கொள்ளும்; மீட்டும் சில விரைவு மிகுந்து வெளியேறும்; கூட்டம் மேன்மேலும் குளிரும். மோதல் இல்லையேல் இக்குளிர்ச்சி இல்லை. ஆனால் மோதலுள் நல்லதும் உண்டு, தீயதும் உண்டு. இரண்டு அணுக்கள் மோதிப் பிரிவது பெரும்பாலும் நல்லது. மூன்று அணுக்கள் ஓரிடத்துக் கூடினால், இரண்டு இணைந்து மூலக்கூறாகி, அப்போது வெளிப்படும் ஆற்றலால் மூன்றுமே வெளியே எறியப்படும். நல்ல மோதல் மிகவும் தீய மோதல் குறையவும் அமைப்பதே இக்கலையின் நுட்பம்.

1995-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், அமெரிக்காவின் போல்டர் நகரில், கார்னல், வீமன் என்னும் இருவரும் அவர்தம் குழுவினரும் ஏறக்குறைய 2,000 ருபீடியம் அணுக்களைத் தனிப்பூஜ்யத்துக்கு மேல் ஒரு பாகையின் நூறு கோடியில் 170 பங்கு அளவுக்குக் குளிர்வித்தனர். அந்நிலையில் அணுவின் விரைவு வினாடிக்குச் சில மில்லிமீட்டரே. எறும்பு ஊர்தலை ஒத்தது. விரைவு குறையக் குறைய, லூயி டி பிராய் கூறியவாறு அணுவின் அலை நீளும். நீண்ட அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தபொழுது, எவ்வணு எவ்வணு என்னும் வேற்றுமை மறைந்தது. டாக்கா வகுப்பறையிற் பிறந்த எண்ணிக்கை அங்கே உருவங் கொண்டு நின்றது. சில திங்களில் கெட்டர்லி என்பார் சோடியம் அணுக்களில் அதனைக் கண்டார். இம்மூவர்க்கும் 2001-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அதன்பின் மோதலே தனியொரு கல்வியாயிற்று. வெப்பமுடைய வாயுவில் அணுக்கள் கோலிக்குண்டுகள்போல் மோதித் தெறிக்கும். மீக்குளிரிலோ அவை குளத்து அலைகள்போல் ஒன்றனை ஒன்று ஊடுருவிச் சிதறும். அச்சிதறலின் இயல்பு முழுவதும் ஒரே நீளத்தால் அளக்கப்படும். அந்நீளம் நேர்க்குறியாயின் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், எதிர்க்குறியாயின் ஈர்க்கும். வியப்பு யாதெனின், வெளியே உள்ள காந்தப்புலத்தைச் சிறிது மாற்றுவதால், தள்ளுதலை ஈர்த்தலாகவும் ஈர்த்தலைத் தள்ளுதலாகவும் மாற்றலாம் என்பதே. பெஷ்பாக் ஒத்திசைவு எனப்படும் இதனை 1998-இல் கெட்டர்லியின் குழுவினர் செறிவிற் கண்டனர். 2001-இல் போல்டர் ஆய்வாளர் அமைதியாய் இருந்த ருபீடியச் செறிவு ஒன்றில் திடீரென ஈர்ப்பை உண்டாக்க, அஃது உள்நோக்கிச் சுருங்கி, பின்னர் வெடித்துச் சிதறிற்று. விண்மீன் வெடித்தலைச் சிற்றுருவிற் கண்டதுபோல் இருந்தது. போஸான் அல்லாத இனமும் ஒன்றுண்டு. அவ்வினத்தில் ஒத்த நிலையிலுள்ள இரண்டு அணுக்கள் மீக்குளிரில் மோதுவதே இல்லை. ஆதலின் 1999-இல் டெபோரா ஜின் அம்மையார் பொட்டாசிய அணுக்களை இரு வேறு நிலைகளில் வைத்து, அவற்றை மோதவிட்டுக் குளிர்வித்தார். காலத்தை அளக்கும் அணுக்கடிகாரத்தில் குளிர் அணுக்களின் மோதல் சிறு பிழையை உண்டாக்குவதால், மோதலை அறிதல் காலத்தைச் செவ்வனே அளத்தற்கும் வேண்டியதாயிற்று. 2018-இல் விண்வெளி நிலையத்திலும் இச்செறிவு உண்டாக்கப்பட்டது. நம் நாட்டிலும் மும்பை, பெங்களூர், புனே, இந்தூர் முதலிய இடங்களில் குளிர் அணு ஆராய்ச்சி நிகழ்கின்றது.

முடிவுரை

போஸின் வாழ்வு நமக்கு உணர்த்துவன யாவை? மூலையில் உள்ள ஊர் என்று எவ்வூரும் இல்லை. வகுப்பறையுள் நேர்மையோடு எழுப்பப்படும் ஐயம் உலகை மாற்றவல்லது. இஃது ஒன்று. மற்றொன்று மொழி பற்றியது. சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழ் வாயிலாகக் கற்றுக் கல்லூரிக்கு வரும் மாணாக்கர் பலர், விஞ்ஞான வகுப்பில் ஐயம் எழுந்தும் அதனை ஆங்கிலத்திற் கேட்க நாணி வாய் மூடியிருத்தலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவ்வாறு கேட்கப்படாது மடியும் ஐயங்களுள் டாக்காவில் எழுந்ததை ஒத்த ஐயமும் ஒன்று இருக்கலாமன்றோ? அணுக்களின் மோதலை உணர்த்த மண்பானையும் ஆடிக்காற்றும் போதுமாயின், தமிழில் விஞ்ஞானம் கூறவியலாது என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆங்கிலத்தை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று, போஸும் விலக்கினாரல்லர், ஜெர்மனையும் பிரெஞ்சையும் அவர் விரும்பிக் கற்றார். கற்றவற்றைத் தம்மவர் மொழியில் தந்தார் என்பதே நாம் கொள்ளத்தக்கது. பௌதிகம் பயிலும் நம் நண்பர் பொருளைத் தருக. தமிழ் பயிலும் நாம் சொல்லைத் தருவோம். இரு திறத்தாரும் கூடி ஆண்டுதோறும் இம்மலரில் ஒரு விஞ்ஞானக் கட்டுரையேனும் தமிழில் எழுதுவோமாயின், தூரனும் தாமோதரனும் உழைத்த இந்நாட்டில் அவர்தம் உழைப்பு வீண்போகாது. ஆசிரியர் போஸுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவேயாகும்.